மனையா, வாடகை வீடா: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வரும். பத்துப் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் முக்கால் மணி நேரம் போய், வெள்ளையும் மஞ்சளும் பூசிய கல் நட்ட பொட்டல்காட்டில் இறக்கிவிடுவார்கள். நுழைவில் ஓர் ஆர்ச், பாதி தூரத்துக்குத் தார் ரோடு, மதியம் பிரியாணி. “மூணே வருஷத்துல டபுள் சார்” என்பார் கூட வந்த மார்க்கெட்டிங் தம்பி. அன்றைக்கே டோக்கன் போட்டால் தங்க நாணயமும் உண்டு.

நானும் அப்படி ஒரு வேனில் போயிருக்கிறேன். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. டோக்கன் போடாமல் திரும்பியதற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை, அன்றைக்கு செக்புக்கை வீட்டில் மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நிதானமாக உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சேமிப்பை வைத்துக்கொண்டு முதல் தடவையாக இடத்திலோ வீட்டிலோ முதலீடு செய்ய நினைப்பவர்களுக்கு இது உதவும். தான் குடியிருக்க வீடு வாங்குபவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கால்குலேட்டரில் தட்ட முடியாது.

முதல் படி: பணம் தரப்போகிறவர் யார்?

சொத்திலிருந்து உங்களுக்குப் பணம் இரண்டு பேரிடமிருந்துதான் வர முடியும். ஒருவர் மாதாமாதம் வாடகை தருகிற குடித்தனக்காரர். இன்னொருவர், என்றைக்கோ ஒரு நாள் உங்களிடமிருந்து அதிக விலைக்கு வாங்கப்போகிற ஆள். அவர் யார், எப்போது வருவார், எவ்வளவு தருவார் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

முதலாமவரை நம்பி வாங்கினால் அது வரவுக்கான முதலீடு. இரண்டாமவரை நம்பி வாங்கினால் அது ஊகம். ஊகம் தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் பல குடும்பங்களைத் தூக்கிவிட்டது அப்பா எப்போதோ வாங்கிப்போட்ட ஐந்து சென்ட்தான். ஆனால் வாங்குவது ஊகம் என்று தெரிந்து வாங்க வேண்டும். காலி மனையை வாங்கிவிட்டு “பென்ஷன் மாதிரி இருக்கும்” என்று சொல்பவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. வாங்கிய அடுத்த மாதம் ஐந்தாம் தேதி உங்கள் கணக்கில் ஏதாவது விழுமா? விழாது என்றால் அது பென்ஷன் இல்லை.

இரண்டாம் படி: மனை என்றால், சும்மா கிடப்பதற்கு ஆகும் செலவு

காலி மனைக்குச் செலவே இல்லை என்று தோன்றும். எழுதிப் பாருங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1,200 சதுர அடி, அடி ₹1,500. மனை விலை ₹18 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்ற வரியும் சேர்ந்து 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. (2017 முதல் பதிவுக் கட்டணம் 4% ஆக இருந்தது. 2023 ஏப்ரலில் அதை 2% ஆகக் குறைத்துவிட்டு, வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் விலையை, ஏற்றினார்கள்.) 18 லட்சத்துக்கு அது ₹1,62,000. பத்திர எழுத்தர், புரோக்கர், பட்டா மாறுதல் அலைச்சல் எல்லாம் சேர்த்து ஒரு ₹38,000. உங்கள் கையை விட்டுப் போனது ₹20 லட்சம்.

இதே 20 லட்சத்தை 7% வட்டிக்கு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுப் பத்து வருஷம் தொடாமல் விட்டால் ஏறக்குறைய ₹39 லட்சத்து 34 ஆயிரம் ஆகியிருக்கும். அதாவது அந்த மனை பத்து வருஷம் கழித்து அடி ₹3,280-க்கு விற்றால்தான் டெபாசிட்டுக்குச் சமம். விற்கும்போது தரும் கமிஷனையும் இரண்டு பக்கத்து வருமான வரியையும் நான் இதில் சேர்க்கவில்லை. அடி 1,500 என்பது 3,000 ஆனால் ஊரே “டபுள் ஆயிடுச்சு” என்று கொண்டாடும். கணக்கில் அது இன்னும் டெபாசிட்டைத் தொடவில்லை.

ஆக, மனை வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டியது “விலை ஏறுமா?” என்பதில்லை. ஏறும், பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல், இடைவிடாமல், பத்து வருஷம் ஏறுமா என்பதுதான் கேள்வி.

“பக்கத்துல ஏர்போர்ட் வருது”, “காலேஜ் வருது”, “ரிங் ரோடு வருது” என்ற பேச்செல்லாம் இங்கேதான் நுழையும். வரும் என்பது உண்மையாகவே இருக்கலாம். எப்போது என்பதில்தான் பணம் கரைகிறது. மதுரை எய்ம்ஸைப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று மத்திய பட்ஜெட்டில் சொன்னது 2015-இல். அதற்கு மதுரை அருகே தோப்பூரைத் தேர்ந்தெடுத்தது 2018 ஜூனில். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாணவர்களை 2022-இல் சேர்த்தபோது வகுப்பு நடந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். தோப்பூரில் முக்கியக் கட்டட வேலை தொடங்கியது 2024-இல்தான். என் சித்தப்பா ஒருவர் அந்தப் பக்கம் 2018-இல், தேர்ந்தெடுத்த செய்தி வந்த சூட்டோடு, தனிநபர் கடன் வாங்கி ஒரு மனை வாங்கினார். செய்தி வந்த அன்றைக்கே விற்பவரும் அதே செய்தியைப் படித்திருந்தார், அந்த விலையைத்தான் சொன்னார். கட்டடம் எழும்பத் தொடங்குவதற்குள் சித்தப்பா கடனையே கட்டி முடித்துவிட்டார். அவர் நஷ்டப்பட்டார் என்று சொல்ல மாட்டேன், இன்னும் விற்கவில்லையே. ஆனால் அந்த ஆறு வருஷமும் சித்தி நகைக்கடைப் பக்கம் போகவில்லை.

மனைதான் வேண்டும் என்று முடிவு செய்தால் எனக்குத் தெரிந்த விதி இவ்வளவுதான்: கடன் வாங்கி வாங்காதீர்கள், பத்து வருஷம் தேவைப்படாத பணத்தில் வாங்குங்கள். வங்கியின் மனைக் கடனில் குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். வீடு கட்டி முடிக்கும் வரை அந்த வட்டிக்கு வருமான வரியில் கழிவும் கிடையாது.

மூன்றாம் படி: வாடகைச் சொத்து என்றால், ஆறு ரூமை நான்காக எண்ணுங்கள்

வரவுக் கணக்கை நான் கற்றுக்கொண்டது திருப்பூரில், லைன் வீடு வைத்திருக்கும் ஓர் அக்காவிடம். வரிசையாக ஆறு வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு ரூமும் சமையலறையும், பின்னால் பொதுக் குளியலறை, கழிப்பறை. பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கிறார்கள். அக்கா ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். இடது பக்கம் வாடகை, வலது பக்கம் செலவு. வலது பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தால் வீட்டு வரி, தண்ணி வரி, மோட்டார் காயில் கட்டியது, டேங்கு லாரி, மூணாம் நெம்பர் தாழ்ப்பாள், சுண்ணாம்பு, “நாலாம் நெம்பர் சொல்லாமப் போய்ட்டான்” என்று போகிறது. அந்தக் கடைசி வரிக்கு எதிரேயும் ஒரு தொகை இருந்தது.

ஆறு ரூம், ரூமுக்கு ₹4,000, மாசம் ₹24,000 என்று நான் சத்தமாகக் கணக்குப் போட்டேன். அக்கா சிரித்தார்.

“ஆறு ரூமுன்னு நெனைக்காதீங்க தம்பி. நாலு ரூமுன்னு நெனைச்சுக்கோங்க. மிச்சம் ரெண்டும் மோட்டாருக்கும் டேங்குக்கும் ஓடிப்போறவனுக்கும்ங்க.”

அதையே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். வருஷ வாடகை ₹2,88,000. பன்னிரண்டு மாசத்தில் ஒரு மாசம் காலியாகக் கிடக்கும் என்று வைத்து ₹24,000 கழிக்கவும். வரிகளுக்கு ₹12,000. பொது மோட்டார் கரன்ட் பில், கூட்டித் துடைக்கும் ஆளுக்கு ₹12,000. ரிப்பேர், வெள்ளையடிப்பு, செப்டிக் டேங்க் என்று ₹36,000. மீதி ₹2,04,000. அக்கா சொன்ன நாலு ரூமைவிடக் கால் ரூம்தான் கூட.

இந்தச் சொத்தின் விலை ₹45 லட்சம் என்று வைப்போம். பதிவுச் செலவு ₹4,05,000. புரோக்கர், எழுத்துக்கூலி, வாங்கியதும் செய்யும் மராமத்து ₹95,000. மொத்தம் ₹50 லட்சம். 2,04,000-ஐ 50 லட்சத்தால் வகுத்தால் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். புரோக்கர் உங்களிடம் சொல்வது 2,88,000-ஐ 45 லட்சத்தால் வகுத்த 6.4%. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அக்காவின் வலது பக்கம்.

4 சதவீதமா, டெபாசிட்டே மேலாச்சே என்று கேட்பீர்கள். முதல் வருஷத்துக்கு அது சரிதான். டெபாசிட் வட்டி போட்ட தொகைக்கு அப்படியே நிற்கும், வாடகை ஏறும். வருஷம் 5% ஏற்றினால் பத்து வருஷத்தில் 24,000 என்பது 39,000 ஆகும். அடியில் நிலமும் இருக்கிறது. அதன் விலை ஏறினால் அது உபரி, ஏறாவிட்டாலும் அரிசி வாங்கக் காசு வந்துகொண்டிருக்கும்.

இதே கணக்கை ஓர் அடுக்குமாடி ஃபிளாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். விலை ₹65 லட்சம், வாடகை ₹16,000 என்றால் செலவு எதுவும் கழிக்காமலே 3 சதவீதத்துக்குக் கீழே. அசோசியேஷன் மெயின்டனன்ஸ், வரி, காலி மாதம் எல்லாம் போனால் இரண்டை ஒட்டி நிற்கும். ஃபிளாட்டில் உங்கள் பங்குக்கு வரும் நிலமும் கொஞ்சம்தான், கட்டடமோ வருஷா வருஷம் பழசாகும். என்னைக் கேட்டால், வாடகைக்கு விடுவதற்காகப் புது ஃபிளாட் வாங்குவது குடித்தனக்காரரை உள்ளே வைத்துக்கொண்டு செய்கிற ஊகம்.

ஒத்தி பற்றி ஒரு வார்த்தை. மதுரைப் பக்கம் வீட்டை ஒத்திக்கு விடுவது சகஜம்: மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் இருக்கவிடுவது, காலி செய்யும்போது தொகையைத் திருப்பித் தருவது. அந்த ஐந்து லட்சம் கைக்கு வந்ததும் வருமானம் போலவே தோன்றும். அது கடன். அதைச் செலவழித்துவிட்டு, திருப்பித் தர அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: இ.எம்.ஐ.யை வாடகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

“வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிடும்” என்பது அடிக்கடி காதில் விழும் வாக்கியம். 9% வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு மாதம் ₹900 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சரியாக வரும். லைன் வீட்டுக்கு ₹30 லட்சம் கடன் வாங்கினால் மாதம் ₹27,000. நிகர வரவு மாதம் ₹17,000. ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து ₹10,000 போட வேண்டும். வாடகையும் செலவும் வருஷத்துக்கு 5% ஏறிக்கொண்டே போனால் பத்து வருஷம் கழித்துத்தான் நிகர வரவு இ.எம்.ஐ.யை எட்டும்.

தலைகீழாகப் போடுங்கள். 17,000-ஐ 900-ஆல் வகுத்தால் 18.9. அதாவது இந்தச் சொத்து தாங்கக்கூடிய கடன் ஏறக்குறைய 19 லட்சம். மீதி 31 லட்சம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். அது இல்லையென்றால் இந்த வீடு உங்களுக்குப் பெரிது, சின்னதாகத் தேடுங்கள். அதோடு ஆறு மாத இ.எம்.ஐ.யைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள்.

“வரி மிச்சமாகும்” என்று ஆசை காட்டினால் ஆடிட்டரைக் கேளுங்கள். வாடகை வருமானத்தில் சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30% நிலையான கழிவு உண்டு, கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர்கள், வட்டி அதிகமாகி நஷ்டம் வந்தால் அதைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது.

ஐந்தாம் படி: தெருவில் நடங்கள்

பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் தெருவைப் பார்க்க வேண்டும். வாடகைச் சொத்து என்றால் இரண்டு தெரு சுற்றி “வீடு வாடகைக்கு” பலகைகளை எண்ணுங்கள். ஒரு பலகையில் இருக்கும் நம்பருக்குக் குடித்தனக்காரர் மாதிரியே போன் செய்து வாடகை, அட்வான்ஸ் விசாரியுங்கள். விற்பவர் சொல்லும் வாடகை அதைவிட அதிகமாக இருந்தால் சந்தேகப்படலாம். டீக்கடையில் உட்கார்ந்து தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று கேளுங்கள். குடியிருப்பவர்களிடம் கரன்ட் பில் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். சில இடங்களில் வாடகையைவிட யூனிட் கணக்கில்தான் வீட்டுக்காரர் சம்பாதிப்பார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசமும் குடித்தனக்காரருக்குப் போயிருக்காது. அந்த வருமானத்தை நம்பி விலை பேசக் கூடாது.

அப்புறம், அந்த வாடகை எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று பாருங்கள். திருப்பூரில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது வேலை போனவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். 2020 ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் கிளம்பினார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50% இறக்குமதி வரி போட்டபோது ஏற்றுமதி ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. லைன் வீட்டு வாடகை என்பது பனியன் கம்பெனியின் வாரச் சம்பளத்தில் ஒரு துண்டு. வரவுச் சொத்து பாதுகாப்பானது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் ஆபத்து வந்தால் அடுத்த மாதமே தெரிந்துவிடும், மனையில் விற்கப் போகும்போதுதான் தெரியும்.

மனை என்றால், பக்கத்து லேஅவுட்டில் ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கிய யாரையாவது தேடிப் பிடித்து, “நான் வாங்கிக்கிறேன், என்ன விலைக்குத் தருவீங்க?” என்று கேளுங்கள். புரோமோட்டர் சொல்லும் விலைக்கும் அவர் சொல்லும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் உண்மையான சந்தை நிலவரம்.

ஆறாம் படி: காகிதங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு நல்ல வக்கீல் ஒருவர் வேண்டும், கட்டுரை போதாது. மூலப்பத்திரம், அதிலிருந்து இன்றுவரை வரும் தொடர் பத்திரங்கள், குறைந்தது 30 வருஷ வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானப் பட்டியல்), விற்பவர் பெயரில் பட்டா. மனைக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அல்லது, சென்னைப் பகுதி என்றால், சி.எம்.டி.ஏ. அங்கீகாரம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றவர்கள் ஏராளம். 2017-இல் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்து பணம் கட்டித்தான் பலர் மீண்டார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேட்டு, அதன் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். பழைய லைன் வீடுகளில் கட்டட அனுமதி பிளான் பல நேரம் இருக்காது. இல்லையென்றால் வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். உங்களுக்குக் கிடைக்காதது நாளைக்கு உங்களிடம் வாங்குபவருக்கும் கிடைக்காது, அதற்குத் தகுந்தபடி விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

“பத்திரத்துல வழிகாட்டி மதிப்பு போட்டுக்கலாம், மிச்சத்தைக் கையில குடுங்க” என்பார்கள். சொத்து விற்பனையில் ₹20,000-மும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கைமாறுவது வருமான வரிச் சட்டப்படி குற்றம், அதே அளவு அபராதம் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் பத்திரத்தில் எழுதிய விலையிலிருந்துதான் கணக்காகும். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5% வரி. (2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20% என்ற பழைய முறையையும் தேர்ந்தெடுக்கலாம்.) இன்றைக்கு மிச்சம் பிடித்த பதிவுச் செலவு அன்றைக்கு வரியாகத் திரும்பி வரும்.

ஐம்பது லட்சம் இல்லை, ஐம்பதாயிரம்தான் இருக்கிறது என்பவர்களுக்கு

ரீட் என்று ஒன்று இருக்கிறது. பெரிய அலுவலகக் கட்டடங்களையும் மால்களையும் வைத்திருக்கும் அறக்கட்டளைகளின் யூனிட்களைப் பங்கு மாதிரியே டிமேட் கணக்கில் வாங்கலாம். முதல் ரீட்டான எம்பசி 2019-இல் பட்டியலுக்கு வந்தது. வடபழனி விஜயா மால் இருப்பது 2023-இல் வந்த நெக்ஸஸ் ரீட்டில். பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. யூனிட் விலை ஏறும் இறங்கும். ஆனால் வாடகை என்றால் என்ன என்று பழகிக்கொள்ள, செப்டிக் டேங்க் தொல்லை இல்லாத வழி இது.

வாங்கியாயிற்று, இனி?

மனை என்றால் பட்டாவை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நான்கு மூலையிலும் கல் நட்டு, வருஷத்துக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள், போகும்போது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

வாடகை வீடு என்றால் குடித்தனக்காரர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அந்த அட்வான்ஸைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், அதுவும் ஒத்திப் பணம் மாதிரித் திருப்பித் தர வேண்டியதுதான்.

பிறகு கடைக்குப் போய் ஒரு நீள நோட்டு வாங்குங்கள். வலது பக்கத்துக்குக் கொஞ்சம் அகலம் கூடுதலாக விட்டுக் கோடு போடுங்கள்.